உறங்கவும் தெரிய வேண்டும்

உழைப்பைப் போற்றாத நூல் இல்லை. உறக்கத்தைப் பழிக்காத ஆசிரியர் இல்லை. 'தூங்குமூஞ்சி' என்பது நம் வகுப்பறைகளில் வழங்கும் வசைகளுள் முதன்மையானது. ஆயினும் இக்கட்டுரையில் உறக்கத்திற்காக வாதாட வந்திருக்கிறேன். மாணவர்களின் உறக்கத்திற்காக அன்று. அதற்கு வாதாட விடுதியில் ஆள் ஏராளம். பொறிகளின் உறக்கத்திற்காக வாதாடுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினியின் ஒவ்வோர் உறுப்பும் வேலை இல்லாதபோது உறங்க வேண்டும். வேலை வந்ததும் தவறாமல் எழ வேண்டும். ஓர் உறுப்பை ஓட்டுவதற்கு நிரல் எழுதுகிறவர், அதை உறங்க வைப்பதற்கும் எழுப்புவதற்கும் சேர்த்தே எழுத வேண்டும். ஓட்ட மட்டும் தெரிந்த நிரல் பாதி நிரல். இதை நாம் படிக்கும் காலத்திலேயே பழகிக்கொள்ள வேண்டும். வேலைக்குப் போன பின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அது பழக்கமாவதே இல்லை.

இலக்கியம் பயிலும் நண்பர்களுக்காக ஒரு சொல். கணினியில் நாம் காணும் திரையும் எழுத்தும் படமும் மேற்பரப்பு. அவற்றின் அடியில் இயங்குதளம் இருக்கிறது. இயங்குதளத்தின் நடுவே, பொறியின் உறுப்புகள் அனைத்தையும் கட்டியாளும் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். 'கருனி' என்று தமிழில் எழுதுவாரும் உளர். வட்டு, திரை, ஒலிப்பெட்டி, வலைத்தொடர்பு ஆகிய ஒவ்வொன்றையும் கெர்னலோடு பேசவைக்கும் சிறு நிரலுக்கு 'டிரைவர்' என்பது வழக்கு. நான் 'இயக்கி' என்கிறேன். இந்த இயக்கிகளை எழுதுகிறவர்களைப் பற்றியதே இக்கட்டுரை. நம் மன்றத்தில் அத்தகையோர் பலர் இருக்கின்றனர். இனியும் பலர் வருவர்.

அலிப்பூர் சொல்லும் செய்தி

நான் தங்கியிருப்பது அலிப்பூரில். தமிழ் மாணவர்களுக்கு இவ்வூர் இரண்டு காரணங்களால் பழக்கம். ஒன்று, பெல்வெடியர் மாளிகை வளாகத்தில் உள்ள தேசிய நூலகம். நம் தமிழ்நூல்களும் அங்கே வந்து சேர்கின்றன. மற்றொன்று, 1876ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற விலங்குக் காட்சிசாலை. ஆனால் மூன்றாவதாக ஓர் இடமும் இங்கு உண்டு. நம்மில் பெரும்பாலோர் அதன் வாயிலைக் கடந்து போயிருப்போம். உள்ளே என்ன நடக்கிறது என்று எண்ணியிருக்க மாட்டோம். அதுவே வானிலை அலுவலகம்.

1864ஆம் ஆண்டில் கல்கத்தாவைப் பெரும்புயல் ஒன்று தாக்கியது. 1866ஆம் ஆண்டிலும் 1871ஆம் ஆண்டிலும் பருவமழை பொய்த்தது. இத்துயரங்களின் பின்னரே, 1875ஆம் ஆண்டில், இந்திய வானிலைத் துறை தோன்றியது. அதன் முதல் தலைமையகம் கல்கத்தா. பின்னர்த் தலைமையகம் இடம் மாறித் தில்லிக்குப் போய்விட்டது. எனினும் வட்டாரப் புயல் எச்சரிக்கை மையங்களுள் ஒன்று இன்றும் அலிப்பூரில் இயங்குகிறது. மற்றொன்று நம் சென்னையில் இயங்குகிறது. வங்கக்கடல் வங்காளிகளுக்கும் தமிழர்க்கும் பொதுக்கடல். அதன் சீற்றமும் பொது. 2018 நவம்பரில் 'கஜா' நாகைக்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையேறியபோது காவிரிப் பாசன மாவட்டங்களில் தென்னையும் மின்கம்பமும் ஒருங்கே வீழ்ந்தன. 2020 மே 20ஆம் நாள் 'அம்பன்' வந்தபோது இக்கல்கத்தா நகரின் பல பகுதிகள் நாட்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. 1899ஆம் ஆண்டிலேயே மின்நிலையம் கண்ட நகரம் இது! அதற்கே இந்நிலை என்றால் கடலோரச் சிற்றூர்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இப்போது கடற்கரையில் நிற்கும் ஒரு தானியங்கி வானிலை நிலையத்தை நினைத்துப் பாருங்கள். ஆளில்லாத இடத்தில் ஒரு கம்பம். அதன் உச்சியில் காற்றின் வேகத்தையும் திசையையும் அளக்கும் கருவிகள். கீழே வெப்பமானி, ஈரமானி, மழைமானி. பக்கத்தில் ஒரு சூரியத் தகடு. பெட்டிக்குள் ஒரு மின்கலம். அதனருகே ஒரு சிறு கணினிப்பொறி. அளந்தவற்றை அது குறித்த நேரத்தில் செயற்கைக்கோள் வழியாகவோ கைப்பேசி வலை வழியாகவோ மையத்திற்கு அனுப்பிவிடுகிறது. அங்கே மின்வாரியக் கம்பி இல்லை. வெயில் ஒன்றே வருவாய்.

புயல் வரும் முன் வானம் மூடிக்கொள்கிறது. சூரியத் தகடு பட்டினி கிடக்கிறது. மின்கலத்தில் சேர்த்து வைத்ததுதான் அதன்பின் உணவு. அந்நிலையம் பேச வேண்டிய வேளை அதுவே. அதற்கு உணவு குறையும் வேளையும் அதுவே. அன்று அக்கருவி வாய் மூடிவிட்டால், வெயில் காய்ந்த நாளெல்லாம் அது பேசிய பேச்சால் யாது பயன்?

ஒரு சிறு கணக்கு

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஒரு கருவி விழித்திருக்கும்போது 2 வாட் மின்திறன் கொள்கிறது, உறங்கும்போது 20 மில்லிவாட் கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்கலம் 12 வோல்ட், 20 ஆம்பியர்-மணி. அதாவது 240 வாட்-மணி. வெயில் சிறிதும் இல்லை.

கருவி எப்போதும் விழித்திருந்தால் 120 மணி நேரம் ஓடும். ஐந்தே நாள்.

மணிக்கு ஒரு நிமிடம் மட்டும் விழித்து, அளந்து, அனுப்பிவிட்டு மற்ற 59 நிமிடமும் உறங்கினால் சராசரிச் செலவு ஏறத்தாழ 53 மில்லிவாட். அதே மின்கலம் அப்போது 4,500 மணி நேரத்தைத் தாண்டி ஓடும். ஏறக்குறைய ஆறு மாதம்! ஐந்து நாள் எங்கே, ஆறு மாதம் எங்கே! மின்கலம் தானாகவும் சிறிது கசியும். ஆகவே இது ஏட்டுக்கணக்கே. ஆயினும் வேற்றுமை எத்தகையது என்பது வெள்ளிடைமலை.

இனி, அக்கருவியின் உறுப்புகளுள் ஒன்றே ஒன்று, அரை வாட் கொள்ளும் ஓர் உறுப்பு, உறங்க மறுக்கிறது என்று கொள்வோம். அதன் இயக்கியை எழுதியவர் 'என் வேலை முடிந்தது' என்று கெர்னலுக்குச் சொல்லும் ஒரு வரியை விட்டுவிட்டார். மற்ற எல்லா உறுப்புகளும் ஒழுங்காகவே உறங்குகின்றன. அப்போதும் ஆறு மாதம் பதினெட்டு நாளாகச் சுருங்கிவிடும். ஒரு வரி; ஒரே ஒரு வரி. நூறு பேர் சிக்கனமாக வாழும் வீட்டில் ஒருவர் மட்டும் குழாயை மூடாமல் போனால் தொட்டி என்ன ஆகும் என்பதை நாம் விடுதியிலேயே கண்டிருக்கிறோம்.

எனக்குத் தெரிந்த மாணவர் சிலர் ஒருமுறை மழைமானி ஒன்று செய்து மாடியில் வைத்தனர். அழகான கருவி, அளவும் சரியாக இருந்தது. ஆனால் அதன் வானொலிப் பகுதி ஓயாமல் விழித்திருந்தது. ஆடியில் நான்கு நாள் தொடர்ந்து மழை பெய்தது. மூன்றாம் நாளே கருவி நின்றுவிட்டது. மழை பெய்தால் நின்றுவிடும் மழைமானி! சிரிப்புக்கு இடமானதுதான், கடற்கரைக் கம்பத்தில் அதுவே நடந்தால் யார் சிரிப்பார்?

ஆமையும் அன்னையும்

கெர்னல் இதை எவ்வாறு செய்கிறது? நம் வள்ளுவர் அடக்கமுடைமை அதிகாரத்தில் ஆமையை உவமை காட்டியிருக்கிறார். தலையையும் கால்களையும் வேண்டும்போது நீட்டி, வேண்டாதபோது உள்ளிழுத்துக்கொள்ளும் ஆற்றலே அவ்வுவமையின் உயிர். இவ்வூர்க் காட்சிசாலையில் 'அத்வைதா' என்றொரு பேராமை இருந்தது. அல்டாப்ரா தீவின் இனத்தைச் சேர்ந்தது. 2006 மார்ச்சு மாதத்தில் இறந்தது. 250 ஆண்டு வாழ்ந்தது என்று சொல்வோரும் உண்டு. அவ்வளவு இல்லாவிட்டாலும் நெடுங்காலம் வாழ்ந்தது என்பதில் ஐயமில்லை. மெல்ல நடந்து, அளவோடு உண்டு, தேவைக்கு மேல் ஓர் அங்குலமும் அசையாமல் வாழ்ந்த உயிர் அது.

கெர்னல் கற்க வேண்டிய பாடம் இந்த ஆமைப்பாடமே. அதற்கு இரண்டு வகை உறக்கம் உண்டு. ஒன்று, கணினி முழுவதும் ஒருங்கே உறங்குவது. மடிக்கணினியின் மூடியைச் சாய்க்கும்போது நிகழ்வது அது. மற்றொன்று, கணினி விழித்திருக்கையிலேயே வேலையற்ற உறுப்பு மட்டும் தனியே உறங்குவது. நீங்கள் கட்டுரை தட்டச்சுச் செய்யும்போது ஒலிப்பெட்டிக்கு என்ன வேலை? படப்பிடிப்புக் கருவிக்கு என்ன வேலை? அவை உறங்கலாம். இது ஓட்டத்தின் நடுவே நிகழும் உறக்கம். லினக்ஸ் கெர்னலில் இதற்கான பொதுச் சட்டகம் 2009ஆம் ஆண்டில், 2.6.32 என்னும் பதிப்பில் இடம்பெற்றது. அதற்குப் பெரிதும் உழைத்தவர் ரஃபால் விசோட்ஸ்கி.

அச்சட்டகத்தின் அடிப்படை மிக எளியது. ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு கணக்கு உண்டு. 'எனக்கு இது வேண்டும்' என்று யாரேனும் கேட்டால் கணக்கில் ஒன்று கூடும். 'முடிந்தது' என்று சொன்னால் ஒன்று குறையும். கணக்கு சுழியைத் தொட்டதும், சிறிது நேரம் பொறுத்துப் பார்த்து, உறுப்பு உறங்கலாம் என்று கெர்னல் முடிவு செய்யும். நூலகத்தில் புத்தகம் எடுத்தவர் திருப்பித் தந்தால் கணக்கு நேராகிறது. தராமலே போனால் அலமாரி என்றைக்கும் அடைபடாது. நான் மேலே சொன்ன அந்த ஒரு வரி, திருப்பித் தரப்படாத புத்தகம்.

உறங்குவதிலும் ஒரு முறை உண்டு. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம் வீடுகளே நினைவுக்கு வருகின்றன. உறுப்புகள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொங்குகின்றன: மேலே ஒரு பாட்டை, அதன் கீழ் ஒரு கட்டுப்பாட்டுப் பொறி, அதன் கீழ் ஒரு வட்டு. குழந்தைகள் அனைவரும் உறங்கிய பின்னரே தாய் உறங்க வேண்டும். எழும்போது தாய் முதலில் எழ வேண்டும். அதன்பின் குழந்தைகளை எழுப்ப வேண்டும். கெர்னலில் இது பொது விதி. தாய் முந்தி உறங்கிவிட்டால் குழந்தையின் அழுகுரல் யாருக்கும் கேட்காது. குழந்தை ஒன்று விழித்திருக்குமானால் தாயும் விழித்தே இருக்க வேண்டும். பாட்டியும் விழித்தே இருக்க வேண்டும். ஆதலால் ஓர் உறுப்பு உறங்க மறுப்பது அதனோடு நிற்பதில்லை. மேலுள்ள குடும்பம் முழுவதையும் கண்விழிக்க வைக்கிறது.

கற்றுக்கொண்ட வரலாறு

பெரியவர்களும் இதை ஒரே நாளில் கற்றுவிடவில்லை. 1992ஆம் ஆண்டில் இன்டெலும் மைக்ரோசாப்டும் ஒரு முறை வகுத்தன. அம்முறையில் உறக்கத்தின் கடிவாளம் பெரும்பாலும் பயோஸ் கையில் இருந்தது. இயங்குதளம் ஒன்று நினைக்கும்; பயோஸ் வேறொன்று செய்யும். 1996ஆம் ஆண்டின் இறுதியில் இன்டெல், மைக்ரோசாப்ட், தொஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்னும் புதிய முறையை வெளியிட்டன. எந்த உறுப்பு எப்போது உறங்கும் என்பதை இயங்குதளமே தீர்மானிக்கட்டும் என்பது அதன் கொள்கை. உரிமை வந்தது, உரிமையோடு பொறுப்பும் வந்தது.

அதன் பிறகும் கெர்னலே தன் உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. லினக்ஸின் 2.6 வரிசை 2003ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, வழக்கமான மேசைக் கணினிகளில் கெர்னலின் உள்மணி வினாடிக்கு 1000 முறை அடித்தது. வேலை இருந்தாலும் அடிக்கும், இல்லாவிட்டாலும் அடிக்கும். உறங்குகிறவனை வினாடிக்கு ஆயிரம் முறை தட்டி 'உறங்குகிறாயா?' என்று கேட்பது போன்றது அது. 2007ஆம் ஆண்டில் வந்த 2.6.21 பதிப்பில் இவ்வழக்கம் மாறியது. அடுத்த வேலை எப்போது என்று பார்த்து, அதுவரை மணி அடிக்காமலே இருக்கக் கெர்னல் கற்றுக்கொண்டது.

அதே ஆண்டில் இரண்டு நல்ல காரியங்கள் நடந்தன. இன்டெல் பொறியாளர்கள் 'பவர்டாப்' என்னும் நிரலை வெளியிட்டனர். செயலிகளுள் எது வீணாகக் கணினியை எழுப்புகிறது என்பதை அது பெயர் சொல்லிக் காட்டியது. பெயர் வெளிவந்ததும் நாணிய நிரலாளர் பலர் தம் நிரல்களைத் திருத்தினர். அடுத்தது, ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் வெங்கடேஷ் பல்லிபாடி, ஷாவோஹுவா லி, ஆடம் பெலே ஆகிய மூவரும் படித்த ஆய்வுரை. 'ஒன்றும் செய்யாதிரு; அதைத் திறம்படச் செய்' என்னும் பொருள்படத் தலைப்பிட்டிருந்தனர். எவ்வளவு நேரம் ஓய்வு கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அதற்கேற்ற ஆழத்தில் செயலகத்தை உறங்க வைப்பதே அவர்கள் காட்டிய வழி. சும்மா இருப்பதே சுகம் என்று நம் நாட்டில் ஞானியர் சொல்லி வந்தனர். அதற்கு இலக்கணமும் வேண்டும் என்று பொறியாளர் எழுதிக் காட்டினர்.

பின்னர் ஒரு பெரும்பூசல் எழுந்தது. ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளில் உறக்கமே இயல்புநிலை. விழித்திருக்க விரும்பும் நிரல், 'இன்னும் உறங்காதே' என்று கேட்டு ஒரு பூட்டுப் பெற வேண்டும். 2009, 2010ஆம் ஆண்டுகளில் கூகுள் பொறியாளர்கள் இம்முறையைப் பொதுக் கெர்னலில் சேர்க்க முயன்றபோது பலர் கடுமையாக எதிர்த்தனர். ஒழுங்கற்ற நிரல்களுக்காகக் கணினி முழுவதையும் உறங்க வைப்பதா என்று ஒரு சாரார் கேட்டனர். ஒழுங்கற்ற நிரல்கள் உள்ள உலகில்தானே நாம் வாழ்கிறோம் என்று மறுசாரார் விடையிறுத்தனர். இறுதியில் 2012ஆம் ஆண்டில், 3.5ஆம் பதிப்பில், இருசாரார்க்கும் ஏற்ற ஒரு வழி கண்டனர். வாதிட்டோர் பகைவராகப் பிரியாமல், வாதத்தின் முடிவை நிரலாக எழுதி வைத்தனர். நம் மன்றத்துக் கூட்டங்களும் இவ்வாறு முடியுமானால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

மறுப்பாருக்கு விடை

என் கருத்தை மறுப்போர் மூன்று சொல்வர். மூன்றையும் நான் நேரிற் கேட்டிருக்கிறேன்.

முதலாவது: 'மில்லிவாட்டுக்கு ஏன் இவ்வளவு ஆரவாரம்? சுவரில் மின்சாரம் இருக்கிறதே!' சுவரில் மின்சாரம் உள்ளவன் சொல்லும் சொல் அது. கடற்கரைக் கம்பத்திற்குச் சுவர் இல்லை. வயலில் ஈரம் அளக்கும் கருவிக்குச் சுவர் இல்லை. மலையூர் மருத்துவச் செவிலியின் கைக்கருவிக்குச் சுவர் இல்லை. நம் நாட்டில் கணினி இனிப் போக வேண்டிய இடங்களுள் பெரும்பாலானவை சுவரில்லாத இடங்களே.

இரண்டாவது: 'உறங்க வைத்தால் எழாமல் போய்விடும், எழாத கருவியைவிட விழித்த கருவி மேல்.' இதில் உண்மை உண்டு; மதிக்கிறேன். யுஎஸ்பி வழி இணையும் உறுப்புகளைத் தானே உறங்க வைக்கக் கெர்னலுக்குத் தெரியும். ஆயினும் இணைப்பு முனையங்களைத் தவிர மற்றவற்றுக்கு அவ்வசதியைக் கெர்னல் தொடக்கத்தில் அணைத்தே வைக்கிறது. ஏனெனில் உறங்கினால் ஒழுங்காக எழாத உறுப்புகள் சந்தையில் பல. பயனரின் விசைப்பலகை நடுவில் செத்துப்போவதைவிடச் சிறிது மின்சாரம் வீணாவது மேல் என்று கெர்னலார் முடிவு செய்தனர். அம்முடிவு சரியே. மேலும், உறங்கவும் எழவும் கூடச் செலவு உண்டு. இரண்டு நொடி உறக்கத்திற்காகப் பாய் விரித்துச் சுருட்டுவது அறிவுடைமை ஆகாது. ஆனால் இவற்றால் விளைவது என்ன? உறக்கம் வேண்டாம் என்பது விளைவாகாது. உறங்கி எழுவதைச் சோதித்துப் பார்த்த பின்னரே வெளியிட வேண்டும் என்பதே விளைவு. சோதிக்காத நிரலின் குறையை உறக்கத்தின் தலையில் ஏற்றுவது முறையன்று.

மூன்றாவது: 'பொறியே பார்த்துக்கொள்ளும், நிரலாளனுக்கு என்ன கவலை?' உண்மை இதற்கு நேர்மாறாகப் போய்க்கொண்டிருக்கிறது. முன்பெல்லாம் மடிக்கணினி எஸ்-3 என்னும் ஆழ்ந்த உறக்கத்திற்குப் போகும்போது, உறுப்புகளின் மின்சாரம் பெரும்பாலும் அடியோடு துண்டிக்கப்பட்டது. பெருங்கதவை இழுத்துச் சாத்துவது போல. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் அவ்வுறக்கம் இல்லை. மாறாக, கணினி பெயரளவில் விழித்த நிலையிலேயே இருக்க, உறுப்பு ஒவ்வொன்றும் தனித்தனியே அடங்க வேண்டும். எல்லாம் அடங்கினால்தான் செயலகச் சில்லு முழு ஆழத்திற்கு இறங்கும். ஒன்று அடங்காவிட்டாலும் இறங்காது. மூடிப் பைக்குள் வைத்த மடிக்கணினி, வீடு போய்ச் சேர்வதற்குள் சூடேறி, மின்கலம் வற்றிக் கிடப்பதை நண்பர்கள் சிலர் கண்டிருக்கக்கூடும். பெரும்பாலும் எங்கோ ஓர் உறுப்பு உறங்க மறுத்திருக்கும். முன்பு பெருங்கதவு செய்த வேலையை இன்று ஒவ்வோர் இயக்கியும் செய்ய வேண்டியிருக்கிறது. நிரலாளனின் பொறுப்பு முன்னினும் பெருகியே இருக்கிறது.

நாம் செய்யத்தக்கவை

குறை கூறிவிட்டு எழுந்து போவது எளிது. ஆகவே செய்யத்தக்கன சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

பொறியியலும் கணினியியலும் பயிலும் நம் தோழர்கள், செயல்திட்டத்துக்கு எந்தக் கருவியைச் செய்தாலும், அதன் அறிக்கையில் இரண்டு எண்களைக் கட்டாயம் எழுதட்டும்: விழித்திருக்கையில் எத்தனை மில்லிவாட், உறங்குகையில் எத்தனை மில்லிவாட். எழுத வேண்டும் என்றால் அளக்க வேண்டும். அளந்தால் நாணம் வரும். நாணம் வந்தால் திருத்தம் வரும். ஆசிரியர்கள் கேட்காவிட்டாலும் நாமாக எழுதுவோம். ஓராண்டு எழுதினால் அடுத்த ஆண்டு அவர்களே கேட்பர்.

இரண்டாவதாக, உறங்கி எழுவதை ஒருமுறை சோதித்து நிறைவடைந்துவிடக் கூடாது; நூறு முறை சோதிக்க வேண்டும். இதற்குப் பொருட்செலவு இல்லை. கணினியை உறங்க வைத்துக் குறித்த நேரத்தில் தானே எழுப்பும் 'ஆர்டிசிவேக்' போன்ற சிறு கருவிநிரல்கள் லினக்ஸில் இலவசமாகவே கிடைக்கின்றன. இரவு ஓட விட்டுவிட்டு நாம் உறங்கலாம்; அதுவும் உறங்கி உறங்கி எழும். விடிந்ததும் எத்தனை முறை எழுந்தது, எத்தனையாம் முறை எழவில்லை என்று பார்த்தால் போதும். தொண்ணூற்றொன்பது முறை எழுந்து நூறாம் முறை எழாதிருந்தால், அந்த நூறாம் முறையே நம் பாடம்.

மூன்றாவதாக, மன்றம் இதற்கென ஒரு மாலைப்பொழுதை ஒதுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பட்டிமன்றத்திற்கும் கவியரங்கத்திற்கும் மாலைகளை ஒதுக்குகிறோம், தவறில்லை. ஒரு மாலை, ஆளுக்கொரு மடிக்கணினியோடு வந்து, 'பவர்டாப்' ஓட்டி, எந்த நிரல் எத்தனை முறை கணினியை எழுப்புகிறது என்று சேர்ந்து பார்ப்போம். இலக்கிய மாணவரும் வரட்டும். எண்ணத் தெரிந்தால் போதும். கண்டதைத் தமிழில் எழுதி இம்மலரின் அடுத்த இதழில் வெளியிடுவோம். கெர்னல் பற்றிய குறிப்புகள் ஆங்கிலத்தில் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. தமிழில் கைப்பிடி அளவும் இல்லை. அக்குறையை வேறு யாரோ வந்து தீர்ப்பர் என்று காத்திருப்பது தமிழ் மாணவர் மன்றத்திற்கு அழகன்று.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. லினக்ஸ் கெர்னல் எந்த ஒரு நாட்டினர்க்கும் உரிய சொத்தன்று. திருத்தம் அனுப்புகிறவன் எந்தக் கல்லூரி, எந்த ஊர் என்று அங்கே பொதுவாகக் கேட்பதில்லை. திருத்தம் சரியா என்றே பெரும்பாலும் கேட்கின்றனர். மின்சிக்கனப் பகுதியில் நம் நாட்டுப் பொறியாளர் பலரும் உழைத்திருக்கின்றனர். செயலகத்தின் வேகத்தை ஏற்றி இறக்கும் பகுதியைப் பேணுவோருள் ஒருவர் நம் நாட்டின் விரேஷ் குமார். ஓர் இயக்கியில் விடுபட்ட அந்த ஒரு வரியைச் சேர்ப்பதற்குப் பெரும்புலமை வேண்டியதில்லை. பொறுமை வேண்டும், அளவுகருவி ஒன்று வேண்டும், பிறர் குறை கூறினால் திருத்திக்கொள்ளும் மனம் வேண்டும். இம்மூன்றும் நம் மாணவரிடம் இல்லாதவை அல்லவே!

வங்கக்கடலில் அடுத்த காற்றழுத்தம் என்று உருவாகும் என்று நாம் சொல்ல முடியாது. உருவாகும் என்பது உறுதி. அன்று வானம் இருண்டு மின்கம்பங்கள் சாயும்போது, எங்கோ ஒரு கரையில் ஒரு சிறு பெட்டி தன் கடைசிச் சேமிப்பைக் கொண்டு காற்றின் வேகத்தை அளந்து அலிப்பூருக்கோ சென்னைக்கோ சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சொல்லை நம்பிப் படகுகள் கரை திரும்பும். குடும்பங்கள் மேட்டுநிலம் சேரும். அதற்கு முந்திய நாட்களில் அப்பெட்டி ஒழுங்காக உறங்கியிருந்தால்தான் அன்று அதற்குப் பேசக் குரல் இருக்கும். அதை உறங்க வைக்கும் வரிகளை எழுதப் போகிறவர் நம்முள் ஒருவராகவும் இருக்கலாம். ஆகவே தோழர்களே, நிரலை ஓட்டக் கற்கும் நாளிலேயே உறங்க வைக்கவும் கற்றுக்கொள்வோம்.